பூசணி நிமிர்ந்த நாள்

படகு மிதந்தது, அதில் ஐயமில்லை. நேராக மிதக்கவில்லை என்பதுதான் சங்கடம்.

கிரேனின் பட்டைகள் தளர, படகு நீரில் மெல்ல அமர, படகுப் பட்டறை முழுவதும் கைதட்டி ஆர்ப்பரித்த காட்சியோடு சென்ற வாரம் நாம் பிரிந்தோம். அந்தக் கைதட்டல் ஓய்வதற்கு முன்பே மருமகளின் முகம் மாறிவிட்டது. படகின் வயிற்றைச் சுற்றி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓடும் சிவப்புப் பட்டையைத் தீட்டியவள் அவளே. கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தபோது அந்தப் பட்டை நூல் பிடித்தாற்போல் இருந்தது. இப்போதோ இடப்புறத்தில் அது நீருக்குள் முகம் புதைத்திருந்தது. வலப்புறத்தில் ஒரு சாண் உயரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பல் மருத்துவமனைகளுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுப்பது அவள் தொழில். ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் வாய் சரியாக மூடாது என்பதை அறிந்த கண்கள் அவளுடையவை.

"மாமா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

மாமனார் வந்தார், பார்த்தார். மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கோளாறையும் முதலில் மறுத்துவிட்டுப் பிறகே ஆராய்வது அவர் வழக்கம்.

"படகு நேராத்தான் இருக்கு. தண்ணிதான் சாய்ஞ்சிருக்கு," என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மீன்பிடிப் படகின் சாயலில், தூக்கிய மூக்கும் உருண்டை வயிறும் அகன்ற இடுப்புமாக, விரைந்து பாயாமல் நிதானமாக நெடுந்தூரம் செல்வதற்கென்றே கட்டப்பட்ட ட்ராலர் வகைப் படகு அது. பட்டறைக்காரர்கள் அதற்குப் 'பூசணி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பூசணி புல்லடர்ந்த மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த நாளில், அதன் எஞ்சின் இன்னும் கைவிடவில்லை என்று கண்டவர் மாமனார். அதன் உடற்கட்டு இன்னும் குலையவில்லை என்று கண்டவள் மருமகள். இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். இற்றுப்போன சன்னல் சட்டங்களை மாற்றினார்கள். மழை ஒழுகிய மேல்தளத்தைப் பிரித்து மீண்டும் வேய்ந்தார்கள். எஞ்சினைக் கழற்றி, கழுவி, பூட்டினார்கள்.

வீட்டில் அந்தப் படகைச் சுற்றி இரண்டு வாக்குகள் இருந்தன. இரண்டையும் கொடுத்தவர் மாமனார்தாம்.

முதல் வாக்கு மாமியாருக்கு. நீரில் இறக்கும் நாளன்றே அரசாங்க ஆய்வில் படகு தேறாவிட்டால், அதை உடைப்புக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மறுபேச்சின்றி வீட்டோடு இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது, சின்ன மகனைப் பற்றியது. "வயசான காலத்துல இது என்ன கிறுக்கு?" என்று அவன் படகைப் பழிக்கப் போய், வாய்வார்த்தை முற்றி, மனைவியை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன அன்று மாமனார் மேசையைத் தட்டிச் சொன்னார்: "என் படகு மிதக்கற வரைக்கும் அவன் பேச்சை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது!" அன்று தொட்டு எவரும் எடுக்கவில்லை.

மாமியாரோ படகில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. ஆயினும் மாலைதோறும், வேலை முடிந்து கை கால் கறையோடு வந்து நிற்கும் இருவரையும் பார்த்து ஒரே கேள்வியைத் தவறாமல் கேட்பார். "என்ன, உங்க பூசணி மிதந்துச்சா?" அந்தக் குத்தலுக்குப் பதில் சொல்லிச் சொல்லி மருமகளுக்கு அலுத்துவிட்டது.

இன்று மிதந்துவிட்டது, அதுவும் ஒருக்களித்து.

"அய்யா, எஞ்சின் மட்டும் நனையாம பாத்துக்குங்க," என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. எண்ணெய்ப் பீப்பாயின்மேல் அமர்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவர் உடைப்புக்காரர். பழைய படகுகளை வாங்கிப் பிரித்து விற்பவர். பூசணியின் எஞ்சின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மத்ததெல்லாம் விறகுக்கு ஆகும். அவசரமில்ல, நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"உக்காந்து உக்காந்து பீப்பாதான் நெளியும்," என்றார் மாமனார்.

அவ்வேளையில் ஆய்வாளர் வந்துவிட்டார். கையில் விளக்கும், மூக்கில் தடித்த கண்ணாடியுமாக, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அம்மையார் அவர். நேரே எஞ்சின் அறைக்குள் இறங்கினார். வெண்சாயம் பூசிய சுவர்களும், துடைத்து வைத்த பித்தளைக் குழாய்களும், பெயர் எழுதிக் கட்டிய கம்பிகளும் அவரை ஒரு கணம் நிறுத்தி வைத்தன. பின்னர் அவர் குனிந்து, எஞ்சினின் சுழல்தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் விளக்கைப் பாய்ச்சினார். அங்கே ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது.

"சொட்டுதே?"

"சொட்டணும், மேடம்," என்றாள் மருமகள். "ஓடும்போது அந்த ஈரம் இல்லேன்னா தண்டு சூடாயிடும். ரொம்ப இறுக்கக் கூடாது."

"எனக்குத் தெரியும்மா. உங்களுக்குத் தெரியுமான்னு பாத்தேன்."

மாமனார் பெருமையோடு மருமகளைப் பார்த்தார். அந்தப் பெருமை மேல்தளம் வரைதான் நீடித்தது. ஆய்வாளர் அவரையும் பட்டறை ஆட்கள் இருவரையும் இடப்புற ஓரத்துக்குப் போய் நின்று திரும்பி வரச் சொன்னார். போனார்கள், படகு சாய்ந்தது. திரும்பி வந்தார்கள், படகு சாய்ந்தபடியே சிறிது நேரம் இருந்து, காலையில் எழுப்பப்பட்ட சோம்பேறியைப் போல மெதுவாகப் பாதி எழுந்தது.

"சாயறது தப்பில்ல," என்றார் ஆய்வாளர். "எழுந்திரிக்க யோசிக்குது பாருங்க, அதுதான் தப்பு. இப்படியே தண்ணிக்கு நடுவுல விட்டா ஒரு நல்ல அலை போதும். என்னால கையெழுத்துப் போட முடியாது."

"மேடம்..."

"பக்கத்துத் துறையில இன்னொரு படகு பாக்கணும். சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள நிமித்தி வச்சா மறுபடி பாக்கறேன். இல்லேன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. உடைப்புக்காரர் பீப்பாயின்மேல் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

எங்கோ ஒழுகுகிறது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது என்பதே மாமனாரின் முதல் எண்ணம். தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை உலர்ந்தே வந்தது.

"தண்டுல சொட்டறதைத் தவிர ஒரு பொட்டுத் தண்ணி இல்லம்மா! நாம அடைச்ச அடைப்பு ஒண்ணுகூட விட்டுக்கொடுக்கல!"

அந்த மகிழ்ச்சியை அனுபவிக்கக்கூட முடியாத நிலை. ஒழுகியிருந்தாலாவது அடைத்திருக்கலாம்.

அவர் தம் பழைய பெட்டியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். மின்தூக்கிக் கூண்டு செங்குத்தாக ஏறி இறங்க வேண்டுமென்று பல கட்டடங்களில் அவர் தொங்கவிட்டுப் பார்த்த அதே பித்தளைக் குண்டு. சுக்கான் அறையின் கூரையில் கயிற்றைக் கட்டி, படகு நேராக நின்றால் குண்டின் முனை எங்கே நிற்கவேண்டுமோ அந்த இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி இட்டார். குண்டு அந்தக் குறியை விட்டு இடப்புறம் விலகி, கோபித்துக்கொண்டு போனதுபோல் தொங்கியது.

பிறகு தொடங்கியது போராட்டம். கருவிப்பெட்டிகளை வலப்புறம் மாற்றினார்கள், குண்டு அசையவில்லை. நங்கூரச் சங்கிலியை மாற்றினார்கள், சற்றே அசைந்தது. வலப்புறத் தொட்டியில் நீர் நிரப்பினார்கள். தொட்டியில் அலை எழும்ப, படகு குலுங்கி மறுபுறம் சாய்ந்து, அங்கேயே படுத்துக்கொண்டது.

"இப்போ அந்தப் பக்கம் தூங்குது," என்றார் உடைப்புக்காரர். "பாவம், களைப்பா இருக்கும்."

நீரை மீண்டும் இறைத்துவிட்டு மாமனார் படிக்கட்டில் அமர்ந்தார். அவருக்கு எதிரே, சுக்கான் சக்கரத்துக்கு மேலே, ஊதலின் பித்தளைப் பிடி மின்னியது. அந்த ஊதலைப் பழுதுபார்த்த நாளிலிருந்து அதை எவரும் இழுத்துப் பார்க்க அவர் அனுமதித்ததில்லை. கரையை விட்டுக் கிளம்பும் முதல் நாளில், ஊரே திரும்பிப் பார்க்கும்படி தாமே ஊதுவதாகச் சபதம்.

"கொடுத்த வாக்கு வாக்குதாம்மா," என்றார் மெதுவாக. "உங்க அத்தைகிட்ட நான் போய் சொல்லிக்கறேன்."

"சாயங்காலம் ஆகட்டும், மாமா. அப்புறம் சொல்லுங்க."

அவள் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, படகுக் கூடத்தின் தரைப்பலகைகளுக்கடியில் குப்புறப் படுத்து நுழைந்தாள். எஞ்சினைச் சுற்றியுள்ள பகுதிக்கே அவர்கள் புதுச்சாயம் பூசியிருந்தார்கள். இந்தப் பகுதியைத் துடைத்து மூடியதோடு சரி. பழைய சாம்பல்நிறச் சாயம் அப்படியே இருந்தது. ஆனால் வலப்புறத்தில் மட்டும் அந்தச் சாயம் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்றையடுத்து ஒன்றாக நீள்சதுர வெற்றிடங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் துருவின் கறை. முந்தைய உரிமையாளர் எதையோ வரிசையாக வைத்து, அதைச் சுற்றிச் சாயம் பூசியிருக்கிறார்.

பல் பிடுங்கிய ஈறு அவளுக்குப் புதிதன்று. அன்றாடம் கையில் பிடிக்கும் அச்சுகளில் அவள் பார்ப்பதே அதைத்தான். குழியைப் பார்த்தால் பல் எவ்வளவு பெரிது, எப்படி உட்கார்ந்திருந்தது என்று சொல்லிவிடுவாள்.

ஒரு வெற்றிடத்தின்மேல் கையை விரித்தாள். இந்த அளவு, இந்த நீளம்! இதை எங்கோ நாள்தோறும் பார்க்கிறோமே? காலில்கூட இடித்துக்கொண்டிருக்கிறோமே?

"மாமா!" அவள் எழுந்த வேகத்தில் தலை பலகையில் மோதியது. "நம்ம வீட்டு வாசக்கதவு காத்துல சாத்திக்காம இருக்க, அத்தை என்ன வச்சிருக்காங்க?"

"இரும்புக் கட்டி. உறை போட்டு வச்சிருக்கா. ஏன்?"

"வாஷிங் மெஷினுக்கு அடியில?"

"அதே கட்டிதான். ரெண்டோ மூணோ... ஏம்மா கேக்கறே?"

"அதெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு, மாமா?"

மாமனார் படிக்கட்டிலிருந்து எழுந்தார்.

படகை வாங்கிய புதிதில், அடிவயிற்றைத் துப்புரவு செய்த நாள் இருவருக்கும் ஒருசேர நினைவுக்கு வந்தது. துருப்பிடித்த சாவிகள், அறுந்த வலை, காலிப் புட்டிகள் என்று குப்பை மலையாகக் குவிந்திருந்தது. மதியச் சாப்பாடு கொடுக்க வந்த மாமியார், கரையில் நின்றபடியே அந்த மலையை நோட்டமிட்டார். எந்தப் பொருளையும் வீணாக்குவது அவருக்குப் பாவம். "நல்ல இரும்பை யாராவது தூக்கி எறிவாங்களா? வண்டியில ஏத்துங்க!" என்று கட்டளை இட்டார். "எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ. எடை குறைஞ்சா எஞ்சின் மூச்சு விடும்," என்று வழியனுப்பி வைத்தவர் சாட்சாத் மாமனாரே.

"எதிர் எடை!" என்று அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஜெனரேட்டர், பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் இடப்பக்கம். அதுக்கு ஈடா வலப்பக்கம் இரும்பு! லிஃப்டுக்கு மறுமுனையில கட்டி அடுக்கறது மாதிரி! வாழ்க்கை பூரா அதைத்தானேம்மா அடுக்கினேன்? என் கையாலயே தூக்கிக் கொடுத்து, நல்லாயிரும்னு வேற அனுப்பி வச்சேனே!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். படகு சேர்ந்து ஆடியது. கரையிலிருந்த உடைப்புக்காரர், தோற்றவர்கள் சிரிப்பதன் பொருள் விளங்காமல் முதன்முறையாகக் காலாட்டுவதை நிறுத்தினார்.

மருமகள் கைப்பேசியை எடுத்தாள்.

"அத்தை, அந்த இரும்புக் கட்டியெல்லாம் உடனே வேணும்."

"எதை?"

"வாஷிங் மெஷினுக்கு அடியில இருக்கறது, வாசக்கதவு, மாடித் தொட்டி மூடிமேல இருக்கறது, எல்லாமே."

"நல்லா இருக்கே! அதை எடுத்தா மெஷின் துணியோட கூடத்துக்கு நடந்து வந்துடும். அந்தப் படகால எனக்குக் கிடைச்ச ஒரே சுகம் அதுதான். அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அத்தை, அது இல்லாமத்தான் பூசணி சாயுது. சாயங்காலத்துக்குள்ள நிமிரலேன்னா உடைப்புக்காரர்கிட்ட போயிடும்."

மருமகள் ஒரு நீண்ட வாக்குவாதத்துக்குத் தன்னைத் தயார்செய்துகொண்டாள்.

"அந்த இரும்பை வச்சா மிதக்குமா?"

"நேரா மிதக்கும், அத்தை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"உன் புருஷன் ரொட்டி போட்டு முடிச்சிருப்பான். வண்டியை வீட்டுக்கு வரச் சொல்லு," என்றார் மாமியார். உடனேயே அவர் குரல் வேறு திசையில் உயர்ந்தது. "ஏய், நில்லு! நில்லுங்கறேன்ல!" மெஷினைத்தான் சொன்னார். கட்டியை அதற்குள் உருவத் தொடங்கிவிட்டார் போலும்.

மருமகளின் கணவன், வீட்டின் மூத்த மகன், ரொட்டித் தொழிற்சாலையின் வண்டியை ஓட்டுபவன். வெயில் சாயத் தொடங்கிய வேளையில் அந்த வண்டி பட்டறைக்குள் நுழைந்தபோது, அதன் பின்புறம் தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் ரொட்டி மணம் கமழ்ந்தது. தட்டுகளிலோ ரொட்டிக்குப் பதிலாக இரும்புக் கட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பழைய திரைச்சீலையில் வெட்டித் தைத்த நீலப்பூ உறை. ஓரத்தில் சுருக்கம் வைத்த விளிம்பு வேறு.

முன் இருக்கையிலிருந்து மாமியார் இறங்கினார். மடியில் ஒரு கட்டியை வைத்துக்கொண்டே வந்திருந்தார்.

உடைப்புக்காரருக்கு அடக்க முடியவில்லை. "என்னம்மா இது, இரும்புக்குக் கவுன் மாட்டி விட்டிருக்கீங்க?"

"ஆமா. துணி மிச்சம் இருக்கு. உன் வாய்க்கும் ஒண்ணு தைச்சுத் தரட்டுமா?"

பட்டறை ஆட்கள் சிரித்த சிரிப்பில் உடைப்புக்காரர் பீப்பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அத்தை, உறையைக் கழட்டணும்," என்றாள் மருமகள் தயங்கித் தயங்கி. "துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். துரு ஏறிடும்."

மாமியார் எதிர்ப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ மறுபேச்சின்றிக் கரையில் அமர்ந்து, உறைகளை ஒவ்வொன்றாக உரித்து, மடித்து, அடுக்கலானார்.

கணவன் தூக்கிக் கொடுக்க, மாமனார் வாங்கி இறக்க, அடியில் படுத்திருந்த மருமகள் ஒவ்வொரு கட்டியையும் அதனதன் இடத்தில் பொருத்தினாள். கட்டிகள் எல்லாம் ஒரே அளவினவல்ல. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றுக்கு ஒரு மூலை சீவியிருந்தது. தவறான இடத்தில் வைத்தால் ஆடியது. தனக்குரிய இடம் கிடைத்ததும் 'டொக்'கென்று அமர்ந்தது. அலையில் நகராதிருக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மர ஆப்பு அடித்து, மேலே பட்டை கட்டினாள்.

"குண்டு நகருது!" என்று சுக்கான் அறையிலிருந்து கணவன் கூவினான். "அப்பா, குண்டு நகருது!"

"கூவாதடா, கட்டியை எடு! எவ்வளவு நகருது?"

"பாதி வந்துடுச்சு!"

கரையில் நின்று பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. நீருக்குள் ஒளிந்திருந்த சிவப்புப் பட்டை, இடப்புறத்தில் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. பட்டறை ஆட்கள் தம் வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். எவனோ ஒருவன் சீட்டி அடித்தான்.

கடைசிக் கட்டி கைமாறிக்கொண்டிருந்தபோது ஆய்வாளரின் வண்டி வந்து நின்றது.

மருமகள் வியர்வை வழிய மேலே வந்தாள். "அத்தை, இன்னும் ஒண்ணு இருக்கணுமே? ஓரத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

மாமியார் உறைகளின் விளிம்பை நீவினார். "வீட்டுல இருந்தது அவ்வளவுதான்."

படகிலிருந்தவர்கள் எல்லோரும் சுக்கான் அறையில் கூடினார்கள். தூக்குக்குண்டு சுண்ணக்குறியின் வாசல் வரை வந்துவிட்டது. ஒரு விரல் அகலம் மட்டும் எட்டி நின்றது. மாமனார் அதைக் கண்ணாலேயே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"காலியான இடம் எங்க இருக்கு?" என்று கரையிலிருந்து கேட்டார் மாமியார்.

"வலப்பக்கச் சன்னலுக்குக் கீழ. அந்தப் பெஞ்சுக்கு அடியில."

மாமியார் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். மகன் கை நீட்டுமுன் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, இத்தனை நாள் ஏறாத படகில் வலக்காலை வைத்து ஏறினார். தாம் காணாத சன்னல் சட்டங்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி நேரே நடந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பித்தளைக் குண்டு ஒரு சிறு அசைவில் நகர்ந்து, குறியின் நடுவில் போய் நின்றது.

முதலில் பேசியவர் மாமனார்.

"பாத்தியா? நீ வந்து உக்காந்தாத்தான் எதுவுமே நேரா நிக்குது."

"என் எடையைச் சொல்றீங்களா?"

"ஐயையோ, இல்ல! உன் அருமையைச் சொல்றேன்."

ஆய்வாளர் சிக்கனமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பில் கொஞ்சத்தைச் செலவிட்டார். "அம்மாவை எப்பவும் பெஞ்சுலயே கட்டி வைக்க முடியாது. இறங்கி நில்லுங்கம்மா, நீங்க இல்லாமலே பாக்கணும்."

"ஏறவே மாட்டேன்னேன். ஏறினதும் இறங்கச் சொல்றாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் இறங்கினார்.

மீண்டும் அதே சோதனை. மாமனாரும் ஆட்களும் இடப்புற ஓரத்துக்குப் போனார்கள், படகு சாய்ந்தது. திரும்பினார்கள். பூசணி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாற்போல் 'வெடுக்'கென்று எழுந்து நின்றது. ஆய்வாளர் மறுபடியும் போகச் சொன்னார். மறுபடியும் அது தயங்காமல் எழுந்தது.

"இது படகு," என்றார் ஆய்வாளர். கையெழுத்திட்டார். "ஒரு விரல் சாய்வு பெருசில்ல. துறைமுகத்துக்குள்ள தாராளமா ஓட்டுங்க. ஆனா முகத்துவாரம் தாண்டி வெளிய போகணும்னா, அந்தக் காலியான இடத்துல உரிய எடை இருந்தாகணும். சரியா?"

பட்டறை மீண்டும் கைதட்டியது. இம்முறை அந்தக் கைதட்டலில் குறையேதும் இல்லை. மருமகள் மாமனாரின் கையைப் பற்றிக் குலுக்கினாள். கை முழுவதும் துரு. அவர் அதே கையால் கண்ணைத் துடைத்து, முகத்தையும் துருவாக்கிக்கொண்டார்.

மாமியார் மீண்டும் ஏறி, அதே பெஞ்சில், அதே இடத்தில் அமர்ந்தார். மூத்த மகனும் உடன் ஏறினான். மாமனார் எஞ்சினை முடுக்கினார். அது ஒரு முறை இருமி, தொண்டையைச் செருமி, பிறகு 'தட தட தட'வென்று ஒரே சீராகப் பேசத் தொடங்கியது. கரையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வீசியவர் யாரென்று பார்த்தால், உடைப்புக்காரர்!

"நல்ல எஞ்சின் அய்யா," என்றார் பெருமூச்சோடு. "எனக்குக் கொடுத்து வைக்கல."

பூசணி கரையை விட்டு விலகியது. இரு மருங்கிலும் சிவப்புப் பட்டை நீருக்கு மேலே ஒரே அளவாக ஓட, மாலை வெயிலில் அது மிதந்து சென்ற அழகை மற்றப் படகுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சக்கரத்தைப் பிடித்திருந்த மாமனாருக்கு வயதில் பாதி குறைந்திருந்தது. அவர் கை மேலே, ஊதலின் பித்தளைப் பிடியை நோக்கிப் போயிற்று. போன கை நடுவழியில் ஒரு கேள்வியோடு நின்றது.

"ஆமா, அந்தக் கடைசிக் கட்டி எங்கதான் போச்சு?"

மாமியார் மடித்த உறைகளை மடியில் வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று காலியாகவே வந்தது என்பதை மருமகள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, படகு மிதக்குதா?"

"இது என்ன கேள்வி? மிதக்குது."

"நேரா மிதக்குதா?"

"நேராத்தான்! குண்டைப் பாரு!"

"அப்போ பேசலாம்ல? மிதக்கற வரைக்கும்தானே அவன் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்க?"

மாமனார் திரும்பினார்.

"சின்னவன் வீட்டுல இருக்கு," என்றார் மாமியார். குரல் தழையவில்லை, நெடுநாள் மனத்துக்குள் சொல்லிப் பழகியதைச் சொல்பவரின் குரல். "தண்ணியோர வீடு. காத்துக்குக் கதவு படார் படார்னு அடிச்சுக்குது, குழந்தை தூங்கவே மாட்டேங்குதுன்னான். உறையைக் கழட்டிட்டு நான்தான் கொண்டுபோய் வச்சேன்."

"குழந்தையா?"

கையில் படிந்த துருவைத் துடைப்பதில் கணவன் திடீரென்று பெரும் அக்கறை காட்டினான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது! மருமகள் அவனை முறைக்கவும் மறந்து மாமியாரையே பார்த்தாள். 'என்ன, உங்க பூசணி மிதந்துச்சா?' மாலைதோறும் அந்தக் கேள்வி. குத்தல் என்றல்லவா எண்ணியிருந்தாள்! பூசணி மிதக்க வேண்டுமென்று இந்த வீட்டில் எல்லாரைக் காட்டிலும் ஏங்கியவர், அதில் ஒரு நாளும் கால் வைக்காதவர்தாம்.

"ஆணா, பொண்ணா?" என்றார் மாமனார்.

"போய்ப் பாத்துக்குங்க."

அவர்களுடைய கட்டுத்துறை இடப்புறம் இருந்தது. திரும்ப வேண்டிய இடம் நெருங்கியது.

"மாமா, இடப்பக்கம் திரும்பணும்," என்றாள் மருமகள் மெல்ல.

சக்கரம் திரும்பவில்லை. மாமனார் எதிர்க்கரையை நோக்கிக்கொண்டிருந்தார். ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஊதுவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்கப் போவதில்லை. கை பித்தளைப் பிடியைப் பற்றியது.

"ஊதாதீங்க!" என்று பதறினார் மாமியார். "தூங்கற நேரம்!"

நெடுநாள் சபதம் செய்த கை, சுட்டுவிட்டாற்போல் கீழே இறங்கியது. இறங்கிய கை அதோடு நிற்கவும் இல்லை. எஞ்சினின் வேகத்தையும் குறைத்தது. பூசணி ஓசையடங்கி, பூனைபோல் எதிர்க்கரையை நெருங்கியது.

"எந்த வீடு?"

"பச்சைக் கதவு."

நீரோரத்தில் வரிசையாக நின்ற வீடுகளில் அந்தக் கதவு தெரிந்தது. மாலைக் காற்று பலமாக வீசியது. கொடியில் கிடந்த சிறு சிறு துணிகள் படபடத்தன. பக்கத்து வீடுகளின் சன்னல்கள் அடித்துக்கொண்டன.

பச்சைக் கதவு மட்டும் அகலத் திறந்து, அசையாமல் நின்றது.